எட்டண்ணே போர்க்கோலம் பூண்ட படலம்

வாழ்க எட்டாம் நம்பர்! நுரைகடல் நீந்தியவளும், ஈரத்தை வென்றவளும், பன்னிரு பேரெந்திரங்களின் முனகலைக் காதால் கேட்டே நோய் இன்னதென்று நவிலும் நுண்ணறிவு வாய்த்தவளும், பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் என்னும் அரியணையில் பதினான்கு ஆண்டுகள் வீற்றிருப்பவளும் (அரியணை என்றது பிளாஸ்டிக் நாற்காலியை) ஆகிய எம் தலைவி வாழ்க! அவள் புகழைப் பாடப் புலவர் எவரேனும் வருவார் என இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் ஒருவரும் வாராமையால், அவளே பேனாவை எடுத்து, தன்னைத் தானே 'அவள்' என்று எட்ட நிறுத்தி வைத்து, இக்காவியத்தைப் பாடத் துணிந்தாள். தற்புகழ்ச்சி தகாது என்பார் உளர். கடைசிவரை படித்தபின் இதில் புகழ் எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்பர்.

கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் மோடம் என்னும் தேவே! பச்சை விழி நான்கு இமைத்துப் பாரெல்லாம் எம் உள்ளங்கையில் கொண்டுவந்து கொட்டும் பெருமானே! இக்கதை முடியும்வரை உன் மூன்றாம் விழி சிவக்காதிருப்பதாக. சிவந்தால் உன்னை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவோம். அதற்குமேல் உனக்குச் செய்யத்தக்க வழிபாடு எமக்குத் தெரியாது.

'சலவை எந்திர நண்பர்கள்' என்றொரு நாடு இருந்தது. மலையில்லை, ஆறில்லை, மதிலில்லை. செல்பேசித் திரையின் நான்கு ஓரங்களே அதன் நாற்புற எல்லை. குடிமக்கள் பதினோராயிரவர். தண்ணீர் வடியவில்லை என்று ஒருவர் புலம்புவார்; கதவு திறக்க மறுக்கிறது, உள்ளே அலுவலகச் சட்டை சிறைப்பட்டிருக்கிறது என்று இன்னொருவர் அலறுவார்; வெள்ளை வேட்டி சிவந்த துயரத்தைப் படத்துடன் பகிர்வார் மற்றொருவர். குழுவைத் தொடங்கி, சண்டைக்காரர்களை அடக்கி, விளம்பரக்காரர்களை நாடு கடத்தி ஆட்சி செய்தவரை எல்லோரும் வாத்தியார் என்றே அழைத்தனர்.

இந்நாட்டுள் எம் தலைவி நுழைந்தபோது வாயிலில் பெயர் கேட்டார்கள். மருத்துவமனையின் பன்னிரண்டு எந்திரங்களில் மிக முரடானது எட்டாவது. கம்பெனி ஆளே தொடத் தயங்கும் அந்த மதயானையை அடக்கியவள் அவள் ஒருத்தி. ஆகவே 'எட்டாம் நம்பர்' என்று பெயர் எழுதி, அதன் வட்டக் கதவைப் படமாக வைத்தாள். அன்றே ஒருவருக்கு அவள் எழுதிய முதல் மறுமொழி இது: "வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பொத்தான், ஒரு பஸ் டிக்கெட். எடுத்துவிட்டு மாட்டினேன். ஓடியது." ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "நன்றி அண்ணே."

கேளுங்கள் இதன் மாயத்தை! வந்தான், வந்தாள் என்று அடுத்தவர் செயலுக்கெல்லாம் மீசையோ வளையலோ மாட்டி அனுப்பும் நம் மொழி, 'வந்தேன்' என்னும்போது மட்டும் இரண்டையும் கழற்றி வைத்துவிடுகிறது. கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன் என்று இரண்டு ஆண்டுகள் எழுதினாலும் எழுதியவர் யாரென்று இலக்கணம் காட்டிக்கொடுக்காது. எட்டாம் நம்பர் அண்ணே என்றவர்கள் நாளடைவில் எட்டண்ணே என்றார்கள். எட்டண்ணே சொன்னா சரியா இருக்கும் என்றார்கள். எட்டண்ணே வரட்டும், அதுவரைக்கும் யாரும் ஸ்க்ரூவைத் தொடாதீங்க என்றார்கள்.

திருத்தியிருக்கலாமே என்பீர்கள். முதல் நாளே திருத்தத்தான் விரலை உயர்த்தினாள். அந்த வாரம்தான் அவள் வீட்டு எந்திரத்துக்கு மெக்கானிக் வந்திருந்தார். கதவைத் திறந்தவளிடம், "சார் இல்லீங்களா?" என்றார். சார் என்பது அவள் கணவர். கண்ணாடிக் கடையில் வருபவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கீழ் வரிசை எழுத்தைப் படிக்கச் சொல்லும் பார்வை அளப்பவர். பெல்ட்டுக்கும் குழாய்க்கும் வேறுபாடு அறியாத தூயவர். பழுது இன்னதென்று அவள் மூன்று முறை சொன்னாள். மெக்கானிக் அதைக் காற்றோடு விட்டுவிட்டு, அவரைப் பார்த்து அரை மணி நேரம் விளக்கினார். அவரும் சளைக்காமல் அரை மணி நேரம் தலையாட்டினார். பன்னிரண்டு எந்திரம் ஆள்பவள் காபி கலந்து கொண்டுவந்தாள். அந்தக் கசப்பு நாவில் இருந்த நாளில் 'அண்ணே' என்றொரு சொல் வந்து விழுந்தால் எவள்தான் துப்புவாள்?

ஆனால் உண்மை உரைப்பதே காவிய மரபு. எம் தலைவி அத்தோடு நிற்கவில்லை. அண்ணன் பட்டத்துக்கேற்ப நடையை மாற்றிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் 'தம்பி' என்று தொடங்கினாள். அனுபவம்தான் பேசும் என்று முடித்தாள். ஒருநாள் உச்சத்துக்கே போய், "வீட்டுல பெண்கள் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுவாங்க, கொஞ்சம் சொல்லி வைங்க" என்றும் எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்தனர். அந்த எண்ணை அவள் பேருந்தில் நின்றபடி நான்கு முறை எடுத்துப் பார்த்தாள் என்பதை எழுதும்போது இந்தப் பேனா வெட்கத்தால் தலைகுனிகிறது. பார்த்தாள் என்பதோ உண்மை.

இங்ஙனம் செங்கோல் செழித்த காலத்தில்தான் அந்தக் காணொளி வந்தது. 'புதுமாப்பிள்ளை' என்ற பெயருடைய ஒருவன் போட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள், வாடகை வீடு, புத்தம்புதிய எந்திரம். துணியைப் பிழியத் தொடங்கியதும் அது தடதடவென அதிர்ந்து, சங்கிலி அறுத்த களிறென மூலையை விட்டுப் புறப்பட்டு, குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றது. உள்ளே மணப்பெண்ணின் குரல் கேட்டது. காப்பாத்துங்க என்று கீழே எழுதியிருந்தான்.

எட்டண்ணே தீர்ப்பளித்தார்: நாலு காலில் ஒன்று தரையில் படவில்லை; ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலைத் திருகி மட்டம் செய், தம்பி. வழக்கமாக இதோடு நாடு உறங்கப் போயிருக்கும். ஆனால் 'சூறாவளி' என்றொருவன் கிளம்பினான். காலில் ஒன்றுமில்லை, உள்ளே டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங் போய்விட்டது, மாற்றினால்தான் ஆச்சு என்றான். புது மெஷின்ல ஸ்பிரிங் எப்படிப் போகும் என்றார் எட்டண்ணே. போகாதுன்னு கம்பெனிக்காரன் உங்ககிட்ட எழுதிக் கொடுத்தானா என்றான் சூறாவளி.

மூண்டது போர். இடியோடு இடி மோதியதுபோல் மறுமொழியோடு மறுமொழி மோதியது. நாடு இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதி காற்படையாகவும் மறுபாதி சுருள்படையாகவும் அணிவகுத்தது. அம்பு மழையெனப் படங்கள் பொழிந்தன. சிவப்பு வட்டமிட்ட ஸ்க்ரூக்கள் நாற்றிசையும் பறந்தன. எந்திரமே இல்லாமல் கையால் துவைக்கும் ஒருவர்கூட இரு பக்கமும் மாறி மாறி நின்று பொருதார். மூன்று நாளில் இருநூற்றுப் பதினான்கு மறுமொழிகள். புதுமாப்பிள்ளை நடுவில் இரண்டு முறை, "இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டான். போர்க்களத்தின் பேரிரைச்சலில் அது ஒருவர் செவியிலும் ஏறவில்லை.

மூன்றாம் நாள் சூறாவளி இறுதிக் கணையை விடுத்தான். "பேரை மறைச்சுக்கிட்டு யாரும் பேசலாம். ஆம்பளையா இருந்தா ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வீடியோல வந்து முகத்தைக் காட்டிப் பேசு." வாத்தியார் உடனே இணைப்பைத் திறந்து அழைப்பு அனுப்பினார். இருநூறு பேர் வருவதாகக் கை தூக்கினர்.

ஆம்பளையா இருந்தா. எம் தலைவி அதை மருத்துவமனையில், எட்டாவது எந்திரத்தின் அருகில், கையில் கிழிந்த போர்வையோடு நின்று படித்தாள். நிபந்தனை வாக்கியம், நிபந்தனை நிறைவேறாதபோது போகவேண்டிய கடமையும் இல்லை. இலக்கணம் மீண்டும் அவளைக் காப்பாற்றக் கை நீட்டியது. ஆனால் போகாவிட்டால் எட்டண்ணே பயந்துவிட்டார் என்பார்கள். போனால் எட்டண்ணே என்றொருவர் இல்லை என்று ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் சாகப்போவது அந்த அண்ணன்தான்.

பக்கத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பிரிவின் தோழி. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீ சொன்னது சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்புறம் என்ன? யார் சொன்னாலும் சரி சரிதானே."

"அப்படி இல்ல. அண்ணே சொன்னா அது சரி. அக்கா சொன்னா அது ஒரு கருத்து."

தோழி விரிப்பின் நான்கு முனையையும் சேர்த்து நீவினாள்.

சனிக்கிழமை மாலை தலைவி ஒரு சூழ்ச்சி வகுத்தாள். கணவரைத் திரைமுன் அமர்த்துவது. தான் மேசைக்கடியில் மறைந்திருந்து சொல்லிக்கொடுப்பது. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். தலை வாரிக்கொண்டு வந்து அமர்ந்தார். ஒத்திகை தொடங்கியது. காலைத் திருக வேண்டும் என்று அவள் கீழிருந்து மெல்லச் சொன்னாள்; அவர் தம் வலக்காலைத் தூக்கிக் கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிக் காட்டினார். ரசமட்டம் என்றாள், ரசம் என்றதும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அவள் மேசைக்கடியிலிருந்து எழ முயன்று தலையை இடித்துக்கொண்டபோது, அவர் குனிந்து தேய்த்துவிட்டபடியே நெடுநாளாய் மனத்தில் இருந்ததைக் கேட்டார்: "நீ அண்ணன்னா, அப்ப நான் உனக்கு யாரு?" சூழ்ச்சி அங்கேயே கைவிடப்பட்டது.

ஞாயிறு விடிந்தது. தலைவி போர்க்கோலம் பூண்டாள். மருத்துவமனையின் நீலக் கோட்டைக் கவசமென அணிந்து, வலக்கையில் ஸ்பேனரும் இடக்கையில் ரசமட்டமும் ஏந்தி, வீட்டு எந்திரத்தின்முன் ஸ்டூல் போட்டு, அமர்ந்தாள். பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் இணைப்பை அழுத்தினாள். கட்டம் கட்டமாய் முகங்கள் பூத்தன. வாத்தியார் பனியனோடு இருந்தார். சூறாவளி என்பவன், அவள் கற்பனையில் பனைமரம்போல் நின்றவன், செல்பேசிக் கடையில் உடைந்த திரை மாற்றும் ஒல்லிப் பையன். மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.

அவளைக் கண்டதும் அவன் மிக மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "வணக்கம்மா. அண்ணனைக் கூப்பிடுங்க."

"நான்தான் எட்டாம் நம்பர்."

"சரிங்கம்மா. அண்ணன் குளிக்கிறாரா? நாங்க வெயிட் பண்றோம்."

கேட்டீர்களா! வாளுருவி வந்த பகைவன் வாளை உறையிலிட்டுவிட்டு, வாசற்படியில் நின்று சார் இல்லீங்களா என்று கேட்கிறான். எத்தனை சரம் எய்தாலும் தாங்கச் சித்தமாய் வந்த மார்பு, இந்த மரியாதையைத் தாங்க மாட்டாமல் கொதித்தது. தலைவி ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்தாள். எந்திரத்தின் முன்கால் ஒன்றை ஸ்பேனரால் இரண்டு சுற்று தளர்த்தினாள்; காலையில் துவைத்த துணி உள்ளே இருக்கப் பிழியும் பொத்தானை அழுத்தினாள்; எந்திரம் பேய் பிடித்தாற்போல் ஆடிற்று. நிறுத்தினாள், காலை மறுபடி இறுக்கினாள், ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்பதைத் திரைக்குக் காட்டினாள், எந்திரத்தின் தலையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து மீண்டும் ஓட்டினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இருநூறு முகங்களும் திரையை நெருங்கின.

"அக்கா," என்றான் சூறாவளி. குரல் பாதியாய்க் குறைந்திருந்தது. "இத்தனை நாளா நீங்களா?"

"நான்தான்."

"சோப்புத்தூள் பத்தி எழுதினது?"

அதுவும் அவள்தான். ஆம் என்று தலையசைத்தாள். தன் வாயால் எய்த கணை நெடுநாள் வானில் திரிந்து தன் தலையிலேயே இறங்கும் ஓசையை அவள் ஒருத்தி மட்டுமே கேட்டாள்.

ஆயினும் வெற்றி வெற்றிதான். காற்படையினர் கைதட்டும் படங்களை அனுப்பத் தொடங்கினர். தலைவி மிடுக்காகப் புதுமாப்பிள்ளையை அழைத்து, இப்போதே காலைத் திருகு என்று ஆணையிட்டாள். அவன் குந்தியமர்ந்து திருகினான்; குமிழி நடுவில் நின்றது; பொத்தானை அழுத்தினான். எந்திரம் முன்னைப்போலவே முழங்கி, முன்னைப்போலவே புறப்பட்டு, முன்னைப்போலவே குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

அப்போது ஓரத்துக் கட்டமொன்றில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அறுபதைத் தாண்டியவர், நரைத்த பெருமீசை, மடியில் வெள்ளைப் பூனை. கட்டத்தின் கீழே பெயர் 'வெண்பஞ்சு' என்றிருந்தது.

"மாப்பிள்ளை, மெஷினுக்குப் பின்பக்கம் போங்க. நாலு நீள போல்ட் இருக்கும். வண்டில வரும்போது டிரம் ஆடாம இருக்க மாட்டி அனுப்புவாங்க. அதைக் கழட்டாமலே ஓட்டுறீங்கன்னு நினைக்கிறேன்."

மாப்பிள்ளை பின்னால் போனான். நான்கு போல்ட்டுகள் இருந்தன. கழற்றினான், ஓட்டினான். எந்திரம் நல்ல பிள்ளையாய் நின்ற இடத்திலேயே நின்று பிழிந்தது. மணப்பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எம் தலைவியின் முதுகுக்குப் பின்னால் அலமாரி இழுப்பறை திறக்கும் ஒலி கேட்டது, அவள் கணவர் திரைச்சீலைக் கொக்கிகளுக்கு நடுவிலிருந்து நான்கு நீள போல்ட்டுகளை எடுத்து வந்து, "இதா? மாட்ட வந்த மெக்கானிக் பத்திரமா வைங்க சார்னு கொடுத்தாரே," என்றார். மருத்துவமனை எந்திரங்களைத் தரையோடு பிணைத்துக் கம்பெனியே நிறுவித் தந்துவிடும்; இந்த போல்ட்டுகள் அவள் கண்ணில் பட்டதே இல்லை. வீட்டு எந்திரம் வந்தபோதும் பேச்சு சாரோடுதான் நடந்தது. அவள் காபி கலந்துகொண்டிருந்தாள்.

இனி, அனைத்தும் அறிந்த கதைசொல்லி என்று பட்டம் கட்டிக்கொண்ட யாம், இதுவரை வசதியாக மறைத்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இருநூற்றுப் பதினான்கு மறுமொழிகளில் பதினேழாவது, போரின் முதல் நாளிலேயே வந்தது, வெண்பஞ்சு எழுதியது: "பின்னால் போல்ட் கழற்றினார்களா?" பக்கத்தில் ஒரு பூப்படம். அதற்கு எட்டண்ணே ஒரு நிமிடத்தில் அளித்த பதில் இது: "தங்கச்சி, இது கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். நாங்க பாத்துக்கறோம்மா." பூனைப் படத்தையும், பஞ்சு என்ற பெயரையும், குழந்தைச் சட்டைக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முன்பொருமுறை கேட்ட கேள்வியையும் வைத்து, அதை எழுதியவர் புதிதாய்க் குடித்தனம் தொடங்கிய யாரோ ஒரு பெண் என்று முடிவு கட்டியிருந்தாள். அன்று ஸ்க்ரூடிரைவர் என்றால் என்னவென்றுகூட மிகப் பொறுமையாக விளக்கியிருந்தாள். முப்பத்தோரு ஆண்டுகள் ஆலையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் கட்டியவரிடம்.

எம் தலைவிக்கு நீலக் கோட்டுக்குள் வியர்த்தது. சூறாவளி தன்னைக் கேட்டபோது எழுந்த கோபம் எங்கே போயிற்றென்று தேடினாள். அது திரும்பி வந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. திரையை நோக்கிக் கைகூப்பினாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. நான் உங்களைத் தங்கச்சின்னு..."

"அதுக்கென்னம்மா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. கேட்க நல்லாத்தான் இருந்தது, அதான் நானும் திருத்தலை." பெரியவர் பூனையின் காதை நீவினார். பிறகு, கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்பவர்போல் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. நான் தங்கச்சியாவே இருந்திருந்தாலும் அந்த போல்ட் அங்கதானே இருந்திருக்கும்?"

அவள் தலை கவிழ்ந்தாள். அவளுக்குச் சமமாகச் சூறாவளியும் கவிழ்ந்தான். காற்படையும் சுருள்படையும் தத்தம் பாசறைகளைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாய் மறைந்தன. கடைசியில் வாத்தியார் எல்லோருக்கும் நன்றி சொல்லி, ஒலியை அணைக்க மறந்து, இதைவிட நம்ம மெஷினையே ஓட்டியிருக்கலாம் என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகலே எம் தலைவி குழுவில் நான்கு வரி எழுதினாள்: தான் பெண், சோப்புத்தூள் பற்றி எழுதியது தவறு, அளவு தெரியாமல் கொட்டுகிறவர்களில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, போல்ட் விஷயத்தில் வெண்பஞ்சு ஐயா சொன்னதே சரி. முப்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்தனர். அதன்பின் சிலர் எட்டக்கா என்றனர், சூறாவளி மேடம் என்றான், பழக்கதோஷத்தால் எட்டண்ணே என்றே அழைப்பவரும் இன்றுவரை உளர். முன்பு அவள் ஒரு மறுமொழி எழுதினால் போதுமாயிருந்த இடத்தில் இப்போது மூன்று வேண்டியிருக்கிறது, மூன்றும் எழுதுகிறாள், பூப்படம் போட்டு வரும் ஒற்றை வரியை இரண்டு முறை படிக்கிறாள்.

இவ்வாறு, நுரைகடல் நீந்தியவளும், அண்ணனாய் ஆண்டு அக்காளாய் இறங்கியவளும், நானூறு விழிகள்முன் வென்று அதே நானூறு விழிகள்முன் தோற்றவளும், ஒரு குமிழியை நடுவில் நிறுத்தத் தெரிந்தும் தன்னை நடுவில் நிறுத்தத் தெரியாமற்போனவளும் ஆகிய எம் தலைவி, நீலக் கோட்டைக் களைந்து மாட்டி, ஸ்பேனரை உறையிலிட்டு, ஞாலம் வியக்க நிமிர்ந்து, தன் வீட்டு எந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து உள்ளே நோக்கினாள்.

துவைச்சதுல ஒரு சாக்ஸைக் காணோம்.